பளபளப்புக்கு அடியில்

அமெரிக்கத் தொழிலாளி வீடுகள் பலவற்றில் தரைக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. வீட்டைச் சூடாக்கும் உலையும், துணி துவைக்கும் இயந்திரமும், பழைய சாமான்களும் கிடக்கும் இடம் அது. அந்த நிலவறையின் ஒரு மூலையைச் சுத்தம் செய்து, நண்பர்கள் வந்தால் உட்கார்ந்து பேசவும் ஒரு பானம் அருந்தவும் உயரமான மேசை ஒன்றைக் கட்டிக்கொள்வது அங்கே நெடுநாளைய பழக்கம். வீட்டு பார் என்று அதற்குப் பெயர்.

அந்த மேசையின் மேல்பலகையை அலங்கரிக்க அங்கே பலர் ஒரு வழியைக் கையாளுகிறார்கள். சோடா, பீர் பாட்டில்களின் தகர மூடிகளை மாதக் கணக்கில் சேர்க்கிறார்கள். அவற்றை வரிசை வரிசையாகப் பலகையின் மேல் பதிக்கிறார்கள். அதன்மேல் கண்ணாடி போன்ற பிசினை ஊற்றி மூடிவிடுகிறார்கள். பிசின் இறுகியதும் குப்பைக்குப் போகவேண்டிய தகரம், தெளிந்த தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் போல மின்னுகிறது.

"இதில் நமக்கென்ன? குடிக்கிறவன் மூடியைச் சேர்த்தால் அது ஒரு செய்தியா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குடியைப் புகழ இதை எழுதவில்லை. அது உழைப்பாளி குடும்பங்களுக்குச் செய்கிற கேடு நமக்குத் தெரியும். ஆனால் இந்த மேசையில் பாட்டாளி ஒருவனின் கைவேலை இருக்கிறது. அந்தக் கைக்கே வரக்கூடிய ஆபத்தும் இருக்கிறது. அந்த ஆபத்தை யார் சொல்லவேண்டும், யார் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. பளபளப்பைப் பார்த்து மயங்காமல் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

கை கேட்கும் வேலை

முதலில் அந்த வேலைக்கு ஒரு மரியாதை செலுத்திவிடுவோம்.

6 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூடியின் குறுக்களவு சுமார் 32 மில்லிமீட்டர். ஒரு வரிசைக்கு 57 மூடி. அப்படி 19 வரிசை. ஆக 1,083 மூடி வேண்டும். வளையாமல், நெளியாமல் ஒவ்வொன்றையும் கழற்றிச் சேர்க்கவேண்டும். கழுவிக் காயவைக்கவேண்டும். நிறம் பார்த்து அடுக்கவேண்டும். ஒவ்வொரு மூடியையும் பசை வைத்து ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் மூடிக்குள் அகப்பட்ட காற்று குமிழ் குமிழாகக் கிளம்பி வேலையைக் கெடுத்துவிடும். பலகையைச் சுற்றிக் கரை கட்டவேண்டும். மரத்தின் நுண்துளைகளை அடைக்க முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுக்கவேண்டும். மட்டப்பலகை வைத்துப் பார்த்து, ஒரு பக்கம் சாயாமல் நிறுத்தவேண்டும்.

பிறகுதான் பிசின். அது இரண்டு டப்பாக்களில் வரும். ஒன்றில் பிசின், மற்றொன்றில் அதை இறுகச்செய்யும் ஹார்டனர். கம்பெனி சொன்ன அளவில் இரண்டையும் கலந்து, ஓரமும் அடியும் வழித்து நிதானமாகக் கிளறவேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. அளவு தவறினால் பலகை என்றென்றைக்கும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். மேசைக்கு ஊற்றும் வகையை ஒரு தடவைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஊற்றக்கூடாது. மூடியின் உயரமோ சுமார் 6 மில்லிமீட்டர். ஆகவே இரண்டு மூன்று தடவையாக ஊற்றவேண்டும். கலந்ததை வாளியிலேயே விட்டுவிட்டால் தானாகவே சூடேறிப் புகையும் கிளப்பும். மேலே வரும் குமிழ்களைத் தீக்குழலின் சுடரால் ஒரு நொடி தொட்டு எடுக்கவேண்டும். சுடர் நின்றால் பிசின் கருகும்.

இது சோம்பேறியின் பொழுதுபோக்கா? இல்லை. பகலெல்லாம் ஆலையில் ஒரே திருகாணியைத் திருகுகிறவன், ஒரே பெட்டியைத் தூக்கிவைக்கிறவன், தொடக்கம் முதல் முடிவுவரை தன் கையாலேயே ஒரு பொருளைச் செய்துபார்க்க ஆசைப்படுகிறான். ஆலை அவனுக்குத் தராத திருப்தியை நிலவறையில் தேடுகிறான். கூலிக்காக அல்லாமல் மனத்துக்காக மனிதன் செய்கிற வேலை இது. இதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை.

எறிவதற்கென்றே பிறந்த மூடி

அவன் சேர்த்த அந்த மூடிக்கு ஒரு சரித்திரம் உண்டு.

பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் என்பவர் 1892-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தகரத்தின் விளிம்பைப் பல்பல்லாக மடித்து, உள்ளே தக்கை வைத்து, பாட்டிலின் வாயில் இறுக்கும் ஏற்பாடு. கிரீடம் போல இருந்ததால் கிரீடத் தக்கை என்று பெயர் வைத்தார்கள். ஆரம்பத்தில் 24 பல், இப்போது 21. உள்ளேயிருந்த தக்கை பின்னாளில் பிளாஸ்டிக் ஆகிவிட்டது.

இதற்கு முன்னால் என்ன இருந்தது? நம் ஊர்க் கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1870-களின் தொடக்கத்தில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது அது. சோடாவின் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். பாட்டில் திரும்பி வரும்போது கோலியும் அதற்குள்ளேயே திரும்பி வரும். ஒரே மூடி நூறு தடவை வேலை செய்யும்.

பெயின்டரின் மூடி அப்படியல்ல. ஒரு தடவை திறந்தால் அதோடு சரி. கழற்று, எறி, புதிதாக வாங்கு! ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு புது மூடி விற்பனை. இலாபத்தின் ரகசியமே இதுதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய கம்பெனியில் விற்பனையாளராக வேலை பார்த்த ஒருவருக்கு அவர் சொன்ன யோசனையும் இதுவே: ஜனங்கள் உபயோகித்துவிட்டு எறிகிற பொருள் ஒன்றைக் கண்டுபிடி, அவர்கள் மறுபடி மறுபடி உன்னிடம் வருவார்கள். அந்த விற்பனையாளர் யார்? கிங் கேம்ப் ஜில்லெட்! எறிந்துவிடும் சவர பிளேடால் உலகத்தையே ஆண்டவர். வேடிக்கை என்னவென்றால், இதே ஜில்லெட் 1894-ல் ஒரு புத்தகம் எழுதி, போட்டி வியாபாரமே சகல தீமைக்கும் மூலம், உற்பத்தி முழுவதையும் ஒரே பொது நிறுவனத்தின் கீழ் கொண்டுவரவேண்டும் என்று வாதாடினார். புத்தகம் மறைந்தது, பிளேடு நின்றது.

எறிவதற்கென்றே செய்யப்பட்ட அந்தத் தகரத்தை எறியமாட்டேன் என்று ஒரு தொழிலாளி எடுத்து வைக்கிறான். அந்த மனதை நான் பாராட்டுகிறேன்.

நிறம் ஆயிரம், உடைமையாளர் எத்தனை?

அடுத்து, மூடிகளின் நிறத்தைப் பார்ப்போம். சிவப்பு, நீலம், பொன்னிறம், பச்சை. 1970-களின் கடைசியில் அமெரிக்கா முழுவதிலும் பீர் வடிக்கும் கம்பெனிகள் நூற்றுக்கும் கீழே சுருங்கிவிட்டன. 1978-ல் வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ள மத்திய சட்டம் அனுமதித்தது. அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் பலர் சிறு பட்டறைகளைத் தொடங்கினார்கள். இப்போது அங்கே 9,000-க்கு மேற்பட்ட பட்டறைகள் உண்டு. மேசையில் இத்தனை நிறம் வந்ததற்கு அந்தச் சிறு பட்டறைகள் ஒரு காரணம்.

ஆனால் ஏகபோகம் சும்மா இருக்குமா? பெல்ஜியத்தில் தலைமையகம் கொண்ட இன்பெவ் 2008-ல் 52 பில்லியன் டாலர் கொடுத்து பட்வைசரின் கம்பெனியான ஆன்ஹைசர்-புஷ்ஷை விழுங்கியது. 2011-ல் சிகாகோவின் பெயர்பெற்ற சிறு கம்பெனி கூஸ் ஐலண்டை வாங்கியது. 2016-ல் 100 பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து எஸ்ஏபி மில்லரையும் சேர்த்துக்கொண்டது. விழுங்கப்பட்ட கம்பெனியின் பெயரும் மூடியின் நிறமும் மாறவில்லை. மேசையில் பத்து நிறத்தைப் பார்க்கிறோம். கணக்குப் புத்தகம் ஒன்றாக இருக்கலாம். மேலே தெரிவது வேறு, அடியில் இருப்பது வேறு.

மூடியின் விஷயத்தில் இந்த வேற்றுமை பையை மட்டும்தான் தொடுகிறது. பிசினின் விஷயத்தில் அது உடம்பைத் தொடுகிறது.

பிசினின் பூர்வீகம்

எப்பாக்சி என்ற இந்தப் பிசின் நமக்கும் அந்நியமல்ல. உடைந்த பீங்கானையும் குழாயையும் ஒட்ட நம் வீடுகளில் உபயோகிக்கும் அரால்டைட் இதே ஜாதி. சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்டான் 1930-களில் பல் கட்டும் வேலைக்காக இதை ஆராய்ந்தார். அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ தனியாக இதே வழியில் சென்றார். 1940-களில் அரால்டைட் சந்தைக்கு வந்தது. அப்புறம் ஆகாய விமானம், கப்பல் பூச்சு, மின்சாரப் பலகை, காற்றாலையின் இறக்கை என்று எங்கும் எப்பாக்சிதான்.

பிஸ்பினால்-ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்ற இரண்டு ரசாயனங்களிலிருந்து இது பிறக்கிறது. இதில் எபிகுளோரோஹைட்ரின் மனிதனுக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. பிசின் டப்பாவை வாங்குகிறவனுக்கு முன்னாலேயே, அதைத் தயாரிக்கும் ஆலையில் நிற்கிறவன் அந்த ஆபத்தோடு நிற்கிறான். இதை மறக்கக்கூடாது.

டப்பாவை வாங்கியவனுக்கு என்ன? முழுவதும் இறுகிய பிசின் பெரிய தொந்தரவு செய்வதில்லை. இறுகாத பிசினும் ஹார்டனரும்தான் எதிரி. அவை தோலில் படும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பத்தாவது நாளும் தெரியாமல் போகலாம். சிலருக்கு வாரங்களில், சிலருக்கு வருஷங்களில், உடம்பு அதை எதிரியென்று அடையாளம் கண்டுகொள்கிறது. பிறகு துளி பட்டால் போதும், விரல் சிவக்கும், அரிக்கும், கொப்புளிக்கும், கண்ணிமை வீங்கும். ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்தால் பொதுவாக ஆயுள் முழுவதும் போவதில்லை. தொழிலே எப்பாக்சியோடு என்றால் அந்தத் தொழிலையே விடவேண்டி வரும்.

இது புதுச் செய்தியா? இல்லவே இல்லை. எப்பாக்சியால் வரும் தோல்நோயை 1950-களிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். பூச்சு வேலைக்காரர்கள், விமான ஆலைத் தொழிலாளர்கள், காற்றாலை இறக்கை செய்கிறவர்கள் எல்லோரும் தங்கள் தோலைக் கொடுத்து உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

"வாசனை இல்லை, வம்பும் இல்லை!"

விளம்பரம் என்ன சொல்கிறது? "வாசனை இல்லை, ஆவி இல்லை, விஷமில்லை, உணவுக்குப் பாதுகாப்பானது!" மேசைப் பிசின் விற்கும் இடங்களில் இந்தச் சொற்கள் சாதாரணம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாசனை இல்லை என்பது வாஸ்தவமாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் பிசின் பிரதானமாக மூக்கின் வழியாகவா தாக்குகிறது? தோலின் வழியாக அல்லவா? திருடன் கொல்லைப்புறமாக வருகிறான். வாசலில் ஆளில்லை என்று ஆறுதல் சொல்லி என்ன பயன்? உணவுக்குப் பாதுகாப்பானது என்பதோ இறுகி முடிந்த பலகையைப் பற்றிய பேச்சு. அதன்மேல் தட்டு வைத்துச் சாப்பிடப் போகிறவனுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். ஊற்றிக்கொண்டிருக்கிறவனைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. செய்த பொருளுக்கு நற்சாட்சிப் பத்திரம். செய்கிற கைக்கு மௌனம்! இதுதான் நான் ஆட்சேபிக்கிற விஷயம்.

டப்பாவில் எச்சரிக்கையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பல கம்பெனிகள் அச்சிடுகின்றன. பொடி எழுத்தில், பின்பக்கத்தில். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது "விஷமில்லை" என்பது. எந்த எழுத்து கண்ணில் படும்?

200, 340, 700

சட்டம் என்ன செய்கிறது? மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் கதை விளங்கும்.

அபாயகரமான பொருள்களைப் பற்றிய அமெரிக்க மத்திய சட்டம் 1960-ல் வந்தது. வீட்டுக்குள் வரும் ஆபத்தான ரசாயனத்தின் டப்பாவில் எச்சரிக்கை வேண்டும் என்கிறது அது. அதன்கீழ், கடுமையான ஒவ்வாமை உண்டாக்குபவை என்று ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் எப்பாக்சியும் உண்டு. எந்த எப்பாக்சி? குறிப்பிட்ட சில அமின்களும், மூலக்கூறு எடை 200-க்குக் குறைந்த டைகிளிசிடைல் ஈதர்களும் கலந்தவை. மேசைப் பிசின்களில் பிரதானமாக இருப்பது பிஸ்பினால்-ஏ டைகிளிசிடைல் ஈதர். எப்பாக்சி ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமென்று தோல் வைத்தியர்கள் குறிப்பிடுவதும் இதைத்தான். அதன் மூலக்கூறு எடை 340. கோடு 200-ல் நிற்கிறது. முக்கியக் குற்றவாளி 340-ல் நிற்கிறான். தப்பித்தான்!

ஐரோப்பிய யூனியனில் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. சராசரி மூலக்கூறு எடை 700 வரையுள்ள எப்பாக்சிப் பொருள் கலந்த எந்தக் கலவையானாலும், இதில் எப்பாக்சி உள்ளது, ஒவ்வாமை உண்டாகலாம் என்று வெளிப்படையாக அச்சிடவேண்டும். டென்மார்க்கிலோ எப்பாக்சி வேலை செய்யும் தொழிலாளிக்குத் தனிப் பயிற்சி கட்டாயம்.

அட்லாண்டிக் கடலுக்கு இந்தக் கரையில் ஒரு தோல், அந்தக் கரையில் வேறு தோலா? ரசாயனம் ஒன்றே, கையும் ஒன்றே. பட்டியலில் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் வித்தியாசம்.

அமெரிக்க ஆலைத் தொழிலாளிக்காவது ஒரு பாதுகாப்பு உண்டு. எந்த ரசாயனத்தோடு வேலை செய்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமைக்காகத் தொழிற்சங்கங்கள் போராடின. பிலடெல்பியா நகரம் 1981-ல் அந்த உரிமையைச் சட்டமாக்கியது. 1983-ல் மத்திய அரசின் விதி வந்தது. அபாயத்தை எழுதிய தாளைத் தொழிலாளி கையில் கொடுக்கவேண்டும், பயிற்சி கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் ஆலை கேட்டைத் தாண்டியதும் அந்த விதி நின்றுவிடுகிறது. அதே மனிதன் அதே ரசாயனத்தை சனிக்கிழமை தன் வீட்டு நிலவறையில் கலக்கும்போது அவன் தொழிலாளி அல்ல, வாடிக்கைக்காரன். பகலில் பெற்ற உரிமை இரவில் செல்லாக்காசு!

"பெரியவர்கள்தானே, படித்துப் பார்த்து வாங்கட்டும், எல்லாவற்றுக்கும் சர்க்கார் கையைப் பிடித்து நடத்தவேண்டுமா?" என்று ஒரு வாதம் உண்டு. படித்துப் பார்க்கவேண்டும் என்பது சரி. ஆனால் படிப்பதற்கு எதிரில் உண்மை இருக்கவேண்டாமா? முகப்பில் "விஷமில்லை" என்று எழுதிவிட்டு, முதுகில் எச்சரிக்கையை ஒளித்துவைத்து, பிறகு நீ ஏன் படிக்கவில்லை என்று கேட்பது வியாபாரத் தந்திரம், நியாயம் அல்ல. கோரிக்கை பெரியதும் அல்ல. டப்பாவின் முகப்பில், "விஷமில்லை" என்ற அதே அளவு எழுத்தில், "இறுகுமுன் தோலில் பட்டால் ஆயுள் முழுவதும் ஒவ்வாமை வரலாம்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஒரு வரி மைக்கு எந்தக் கம்பெனி திவாலாகும்?

சட்டம் வரும்வரை

சட்டம் வரட்டும் என்று கை காத்திருக்க முடியாது. ஆலைத் தொழிலாளர்கள் அனுபவித்துக் கற்றதை வீட்டுக்கும் எடுத்துச் செல்லவேண்டும்.

கையுறை இல்லாமல் டப்பாவைத் திறக்கக்கூடாது. மெல்லிய ரப்பர்க் கையுறை போதாது. நைட்ரைல் வகை வேண்டும். அதையும் அடிக்கடி மாற்றவேண்டும், ஏனென்றால் பிசின் அதையும் ஊடுருவும். முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் வேண்டும். தோலில் பட்டால் தின்னர் ஊற்றித் துடைக்கக்கூடாது. அது பிசினைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும் போட்டு உடனே கழுவவேண்டும். ஜன்னல் இல்லாத நிலவறையில் காற்றோட்டத்துக்கு வழிசெய்யாமல் கலக்கக்கூடாது. பாதி இறுகிய பிசினை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூளும் அதே விஷமத்தைச் செய்யும். முழுவதும் இறுகும்வரை பொறுத்திருந்து, முகமூடி போட்டுக்கொண்டு, ஈரம் செய்து தேய்க்கவேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. மிஞ்சியதைச் சாக்கடையில் கொட்டக்கூடாது; இரண்டையும் கலந்து இறுகவைத்துத்தான் அகற்றவேண்டும். அரிப்பு வந்தால் "நாளைக்குச் சரியாகும்" என்று மறுபடி கையை வைக்கக்கூடாது. அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நம் ஊரிலும் இப்போது எப்பாக்சி மேசையும், எப்பாக்சித் தரையும் வந்துவிட்டன. தச்சரும் பெயின்டரும் வெறுங்கையோடு அதைக் கலக்குவதைப் பார்க்க முடிகிறது. மேலே சொன்ன ஒவ்வொரு வரியும் அவர்களுக்கும் பொருந்தும். வீட்டுக்காரர் பளபளப்புக்குக் காசு கொடுக்கிறார். கையுறைக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

எறிந்துவிட்ட தகரத்தைக்கூட எறிய மனமில்லாமல் எடுத்துப் பாதுகாக்கிறான் ஒரு தொழிலாளி. மூடிக்கு அவன் காட்டுகிற அந்த அக்கறையை அவன் கைக்குக் காட்ட வியாபாரத்துக்கு மனமில்லை. எறிவதற்கென்று பிறந்தது மூடி. கை அப்படிப் பிறந்ததல்ல. மேசை மின்னட்டும், தாராளமாக மின்னட்டும். அதைச் செய்த கை, அடுத்த மேசையையும் செய்ய நலமாக இருக்கவேண்டும்!